அந்த நாலு பேர்

2016 ரியோ ஒலிம்பிக் பெண்கள் 4×100 தொடர் ஓட்டத்தை நேற்று ராத்திரி மறுபடி பார்த்தேன். அமெரிக்க அணி: டியானா பார்டோலெட்டா, அலிசன் ஃபீலிக்ஸ், இங்கிலிஷ் கார்ட்னர், டோரி போவி. நாலு பேருமே கறுப்பினப் பெண்கள். தங்கம். கடைசியாக ஓடிக் கோட்டைத் தாண்டியவர் போவி.

2023-ல் அதே போவி ஃப்ளோரிடாவில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 32. எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பகால வலிப்பு காரணமாக இருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை. ஃபீலிக்ஸுக்கு 2018-ல் 32-ஆவது வாரத்திலேயே ரத்த அழுத்தம் எகிறி அவசர சிசேரியன். பார்டோலெட்டாவுக்கு 26-ஆவது வாரத்தில் வலி வந்துவிட்டது. கையில் உயிலோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம்.

நாலில் மூன்று பேர்!

"காசில்லாதவங்களுக்குத்தான் இப்படி" என்று சொல்ல வருபவர்களுக்கு செரீனா வில்லியம்ஸ் இருக்கிறார். 2017-ல் பிரசவத்துக்கு மறுநாள் மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் ரத்தம் உறைந்த அனுபவம் உண்டு, அதனால் சிடி ஸ்கேனும் ரத்தம் உறையாமலிருக்க மருந்தும் வேண்டும் என்று அவரே கேட்டார். வலி மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துவிட்டார் நர்ஸ். கடைசியில் ஸ்கேன் எடுத்தால், நுரையீரலில் ரத்தக்கட்டிகள். 23 கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர் பேச்சுக்கே இவ்வளவுதான் மதிப்பு.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2023 கணக்கு: உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு இறந்துபோகும் தாய்மார், வெள்ளையரில் 14.5, கறுப்பினத்தவரில் 50.3. அங்கே நடக்கும் பிரசவகால மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தடுத்திருக்கக் கூடியவை என்பதும் அதே மையம் சொன்னதுதான்.