டேட்டன் ஊரின் செங்கல் நீதிமன்றம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகா நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் டேட்டன் என்னும் சிற்றூர் உள்ளது. 1890-இல் ரே கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தலைமையிடம் இங்கு மாற்றப்பட்டதை அடுத்து, 1891-இல் எழுந்த நீதிமன்றத்தைப் பார்ப்பதற்காகவே இவ்வூருக்குச் சென்றேன். இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையான ரோமனெஸ்க் பாணியின் கனமும் இத்தாலிய மாளிகைகளின் சாயலும் கலந்த மூன்று தளச் செங்கல் கட்டடம் அது. உயர்ந்த கோபுரத்துடன், புல்வெளியின் நடுவே நிற்கிறது.

முதல் மாடியிலுள்ள விசாரணைக் கூடம் இவ்வளவு சிறிய ஊருக்குச் சற்று மிகையான அகலம் என்றே எனக்குத் தோன்றியது. 1970-களின் இறுதியில் நடந்த சீரமைப்பில் 1925-ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு மீட்கப்பட்ட அந்தக் கூடத்தில், நீதிபதியின் மேடையும் மரத் தடுப்புகளும் அக்காலத்தவையே. மாநிலச் சட்டத்தை மீறிப் பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது தொடுக்கப்பட்ட வழக்கு அந்த ஆண்டு ஜூலை 10 முதல் 21 வரை இங்குதான் நடந்தது. சிகாகோ வானொலி நிலையம் ஒன்று அதை நேரடியாக ஒலிபரப்பியது. அதன் ஒலிவாங்கிகளுக்கு ஏற்பக் கூடத்தின் இருக்கை அமைப்பையே மாற்றினார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது.

ஆனால் அவ்வழக்கின் புகழ்பெற்ற காட்சிக்கு இந்தக் கூடம் சாட்சியாக இல்லை. ஜூலை 20 அன்று, தாங்க முடியாத வெயிலாலும் கூட்டத்தின் பாரத்தைத் தளம் தாங்குமா என்ற அச்சத்தாலும், நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை வெளியே புல்வெளிக்கு மாற்றினார். அங்கே, அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே சாட்சியாக அமர்த்தி, விவிலியத்தைப் பற்றி ஸ்கோப்ஸின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ துருவித் துருவிக் கேட்டார். நடுவர் குழுவினர் (ஜூரி) அப்போது அங்கு இல்லை. மறுநாள் அந்தச் சாட்சியமும் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. ஆக, சட்டத்தின் கண்ணில் நடக்காததாகிவிட்ட ஒன்றைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது!

ஸ்கோப்ஸுக்கு விதிக்கப்பட்ட 100 டாலர் அபராதமும் நிலைக்கவில்லை. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை நீதிபதி அல்ல, நடுவர் குழுவே விதிக்க வேண்டும் என்று கூறி, மாநில உச்ச நீதிமன்றம் 1927-இல் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் மீறியதாகச் சொல்லப்பட்ட சட்டமோ 1967 வரை நீடித்தது.

கீழ்த்தளத்தில் இவ்வழக்குக்கென ஒரு சிறு அருங்காட்சியகம் உண்டு. வெளியே, தீர்ப்புக்குப் பின் சில நாட்களில் இதே ஊரில் காலமான பிரையனுக்கு 2005-இல் சிலை வைத்தார்கள். டாரோவின் சிலை, உள்ளூரில் சிலரது எதிர்ப்பையும் மீறி, 2017-இல்தான் வந்தது.