பதினொரு மணி சார்ஜ்

சென்னையிலிருந்து மகள் அழைத்தால் முதல் கேள்வி, "அப்பா, போனில் எத்தனை சதவீதம் இருக்கிறது?" என்பதுதான். சாப்பிட்டாயிற்றா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அவளைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இந்தத் தோட்டத்துக்குக் குடிவந்த முதல் நான்கு மாதங்களில் அவள் அழைத்தபோதெல்லாம் 'சுவிட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்ற அம்மாள்தான் பதில் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை பதறிப்போய் ஊருக்குள் இருக்கும் டீக்கடைக்காரரை அழைத்து, அவர் தம் பையனை சைக்கிளில் அனுப்பிவைத்தார். பையன் வந்து பார்த்தபோது நானும் என் மனைவியும் மாங்காய்க்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பாலமேட்டுக்கு வடக்கே, சாத்தையாறு அணைக்குப் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது தோட்டம். இரண்டு ஏக்கர் மா, ஓரத்தில் கொய்யா, ஓர் ஓட்டு வீடு, கயிறு போட்டு இறைக்கிற கிணறு. அரசுப் பேருந்தில் 29 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, இனி மணியடித்து வண்டியை நிறுத்தும் வேலை வேண்டாம் என்று இங்கே வந்தேன். கடைசி மின்கம்பம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. நடுவில் உள்ள நிலம் பங்காளித் தகராறில் கிடக்கிறது. அண்ணன் கம்பம் நடலாம் என்றால் தம்பி கூடாது என்பார், தம்பி சரி என்றால் அண்ணன் மறுப்பார். அது தீரும்போது தீரட்டும்.

முதலில் போன்களை டீக்கடையில்தான் கொடுத்துவைத்தோம். அங்கே ஒரே ஒரு பலகை, அதில் ஐந்து துளை, ஊரில் பாதிப்பேர் போன். மூன்று மணி நேரம் கழித்துப் போனால் 40 சதவீதம் ஏறியிருக்கும். யாரோ நம்முடையதைப் பிடுங்கிவிட்டுத் தம்முடையதைச் செருகியிருப்பார்கள். இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. நடைதான் அலுத்துவிட்டது.

அடுத்து, முதுகில் சின்னதாக சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 10,000 மில்லி ஆம்பியர்-மணி. வெயிலில் வைத்தால் தானே நிரம்பும் என்று போட்டிருந்தது. இரண்டு நாள் வெயிலில் கிடந்தும் ஒரு விளக்குக்கு மேல் எரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதற்குள் அடங்குவது 37 வாட்-மணி (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி). உள்ளங்கை அகலத் தகடு நல்ல வெயிலில் தருவது ஒரு வாட், மிஞ்சினால் ஒன்றேகால். அப்படியானால் உச்சி வெயிலாகவே 30 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். உச்சி வெயிலுக்கு நிகராக ஒரு நாளைக்குக் கிடைப்பதோ ஐந்து மணி நேரம். ஒரு வாரம் காயப்போட வேண்டும், வடகம் கூட இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். வெயிலில் கிடந்த சூட்டில் உள்ளே இருந்த பேட்டரி உப்பிக்கொண்டு மூடியைத் தள்ளியது. அதை வீட்டுக்குள் வைக்கப் பயந்து, டவுனுக்குப் போனபோது பழைய பேட்டரி எடுக்கிற கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதே பயணத்தில் மதுரை மீனாட்சி பஜாரில் விசாரித்து, அலைந்து, 100 வாட் பேனல் ஒன்று, பேட்டரிக்குப் போகிற மின்சாரத்தை அளந்து விடுகிற சார்ஜ் கன்ட்ரோலர் ஒன்று, 40 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்று, ஃபியூஸ், ஒயர் எல்லாமாக ரூ.11,400-க்கு வாங்கினேன். பேனலைப் பேருந்தில் ஏற்ற நடத்துநர் யோசித்தார். நானும் ஒரு காலத்தில் இப்படி யோசித்தவன்தான் என்று சொன்ன பிறகு, லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

இனிமேல்தான் என் பழைய தொழில் புத்தி வேலை செய்தது. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் போட்டு வரவும் செலவும் எழுதினேன். இப்போதைய போனில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. அதன் வோல்ட்டேஜால் பெருக்கினால் 19 வாட்-மணி. வழியில் சிந்துவதையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 1,000 வாட்-மணி, அதில் ஒரு போனை 40 தடவை நிரப்பலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தார்கள் அல்லவா, அதில் 4,000 தடவை! போன் குடிக்கிற மின்சாரம் இவ்வளவு அற்பம். என் பேனலோ பங்குனி மாதத்தில் ஒரு நாளைக்கு 300 வாட்-மணிக்குக் குறையாமல் தருகிறது. கமுதிப் பக்கம் 648 மெகாவாட்டுக்கு சோலார் வைத்திருக்கிறார்கள், எனக்கு 100 வாட்டே மிச்சம்.

வரவு 300, இரண்டு போனுக்குச் செலவு 50, இரண்டு எல்இடி விளக்குக்கு 40. ஆனாலும் முதல் மாதம் இரவு எட்டு மணிக்கெல்லாம் பேட்டரி படுத்துவிடும். வசூல் நன்றாக இருந்தும் பையில் காசு குறைகிறது என்றால் ஓட்டை எங்கே?

முதல் ஓட்டை இன்வெர்ட்டர். போனோடு வந்த சார்ஜர் 230 வோல்ட்டுக்கானது என்பதால் குட்டி இன்வெர்ட்டர் ஒன்றையும் வாங்கியிருந்தேன். 12 வோல்ட் மின்சாரத்தை 230 ஆக ஏற்றி, சார்ஜர் அதை மறுபடி 5 வோல்ட்டாக இறக்க வேண்டும். மேலூருக்குப் போகிறவன் மதுரையிலிருந்து திருமங்கலம் போய்ச் சுற்றி வருவதுபோல. அதுவும் எதுவுமே செருகாமல் சும்மா விசிறி சுற்றிக்கொண்டிருந்தால்கூட அது தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். போன் சாப்பிடுவது பத்து வாட் என்றால் இது தனக்கென்று ஆறு வாட் எடுத்துக்கொண்டிருந்தது, நாள் முழுக்க. அதைத் தூக்கிவிட்டு, காரில் செருகுகிற சார்ஜரை பேட்டரியோடு இணைத்தேன். விலை ரூ.350. 12 வோல்ட்டிலிருந்து நேராக 5 வோல்ட்.

இரண்டாவது ஓட்டை எங்கள் பழக்கம். படுக்கப்போகும்போது போனைச் சார்ஜில் போடுவது டவுன் பழக்கம். இங்கே அது தலைகீழ். விளக்குக்கு மட்டும் செலவழித்த பேட்டரி, காலை பதினொரு மணிக்கெல்லாம் முக்கால்வாசி நிரம்பிவிடும். அதன் பிறகு கன்ட்ரோலர் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை இறுக்கி, ஒரு கட்டத்தில் பேனலிலிருந்து வருவதை வாங்காமலே நிறுத்திவிடும். வெளியே தீயாக அடிக்கிற வெயில், உள்ளே ஒரு சொட்டு எடுக்க ஆளில்லை. காலி இருக்கைகளோடு ஓடுகிற பேருந்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதனால் சரியாகப் பதினொரு மணிக்குப் போன்கள் சார்ஜில் ஏறும், என் மனைவி அரிசி களைகிற நேரம். ஒரு மணிக்கு இறங்கிவிடும். பேட்டரியில் கை வைக்காமலே அன்றைய போன் கணக்கு முடிந்தது.

ஆனால் பேட்டரியே இல்லாமல் பேனலிலிருந்து நேராகப் போனுக்குக் கொடுக்கலாமே என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டார். கொடுத்துப் பார்த்தேன். மேகம் ஒன்று கடந்தால் போதும், மின்சாரம் விட்டுவிட்டு வரும், போன் திணறும், சில போன்கள் மறுபடி பிடிக்கவே பிடிக்காது. நடுவில் பேட்டரி இருந்தால் அது வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி.

மூன்றாவது ஓட்டைதான் வீட்டில் சண்டை மூட்டியது. மதியம் இரண்டு மணி ஆனால் ஐந்து ஆம்பியர் காட்டுகிற மீட்டர் சட்டென்று ஒன்றரைக்கு விழும். ஒயரைப் பார்த்தேன், ஃபியூஸைப் பார்த்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்: முருங்கைக் கிளை. பேனலின் மூலையில் முழங்கை நீளத்துக்கு நிழல். பேனலில் 36 செல்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கின்றன. ஒரு செல் நிழலில் மாட்டினால் அதற்குப் பின்னால் வருகிற மொத்த வரிசையும் நிற்கும், குறுகிய பாலத்தில் ஒரு மாட்டுவண்டி நின்றால் நிற்பதுபோல. கிளையை வெட்டலாம் என்றேன். "காய்க்கிற மரத்தில் கை வைத்தால் பேனலில் நான் கை வைப்பேன்" என்றாள் என் மனைவி. பேனலைத்தான் இடம் மாற்றினேன். பத்தடி ஒயர் கூடுதலாக வாங்க வேண்டியிருந்தது. முருங்கை இப்போதும் காய்க்கிறது.

மாற்றும்போது திசையையும் யோசித்தேன். தெற்கு பார்த்துச் சாய்க்கச் சொல்வார்கள், சரிதான். ஆனால் நம் ஊரில் சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டுவைத்த கம்பின் நிழல் காலடியிலேயே விழும். அதுவும் பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12 மணி 17 நிமிடத்துக்கு. கடிகாரம் மதுரைக்காக ஓடுவதில்லை, நமக்கு வெகு கிழக்கே உள்ள தீர்க்கரேகைக்காக ஓடுகிறது. அதன் பிறகு ஆவணி முதல் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே அதிகம் சாய்க்காமல் பத்து டிகிரி மட்டும் கொடுத்தேன். மழைநீர் வழிந்து காக்கை எச்சத்தையும் புழுதியையும் கழுவ அவ்வளவு சாய்வு போதும்.

வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெளிச்சம் கூடினால் கூடும், சூடு கூடினால் குறையும். காலையில் 21 வோல்ட் காட்டுகிற என் பேனல் சித்திரை மதியம் 19-ஐத் தாண்டாது. 12 வோல்ட் பேட்டரிக்கு அதுவே தாராளம் என்பதால் எனக்கு நட்டமில்லை. ஆனால் போனை அந்தச் சூட்டில் வைக்கவே கூடாது. பேனல் வெயிலில், போன் வீட்டுக்குள் மண் தரையில். ஜன்னலோரம் வைத்த ஒரு நாள் 'வெப்பம் அதிகம்' என்று சொல்லி அதுவே சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொண்டது.

ஐப்பசி அடைமழை பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். மூன்று நாள் சூரியனே தெரியாமல் இருந்தபோதும் பகலில் பத்துப் பன்னிரண்டு வாட் வந்தது. விளக்கு ஒன்றைக் குறைத்தோம், போன் பாடு தடையில்லாமல் நடந்தது.

மழையைவிட மோசம் சிக்னல். மலை மறைப்பதால் இங்கே ஒரு கோடு வரும், போகும். கோபுரம் எட்டாதபோது போன் முழுப் பலத்தோடு கத்திக் கூப்பிடும். பேசாமல் கிடந்தே சாயங்காலத்துக்குள் பாதி தீர்ந்துவிடும். கிணற்று மேட்டில் இரண்டு கோடு கிடைக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு மூங்கிலில் பை கட்டித் தொங்கவிட்டேன். பகலில் போனுக்கு வீடு அதுதான். இரவில் விமானப் பயன்முறை. அவசரத்துக்கு ஒரு பட்டன் போன், அது நான்கு நாள் தாங்கும்.

இந்த மாசிக் கடைசியில் அறுவடை முடிந்த பக்கத்து வயலில் கிடை போட, அதாவது ராத்திரியில் ஆடுகளை அடைத்து நிலத்துக்கு எரு சேர்க்க, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடு மேய்க்கிற கீதாரிகள் வந்தார்கள். நான்கு பேர், ஐந்து போன், இருநூற்றுச் சொச்சம் ஆடுகள். முதல் நாள் அவர்களில் மூத்தவர் தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, கொஞ்சம் சார்ஜ்" என்றார். பதினொரு மணிக்கு வரச் சொன்னேன். எனக்குத் திமிர் என்று நினைத்திருப்பார். மறுநாள் வந்தவரிடம் மீட்டரைக் காட்டி விளக்கினேன். பன்னிரண்டு நாளும் பதினொரு மணிக்கு ஒரு பையன் மஞ்சள் பையில் ஐந்து போனோடு வந்தான். பழைய பின், புதிய பின் என்று ஆளுக்கொரு விதம். எல்லா ஒயரும் இப்போது சுவரில் ஆணியடித்துத் தொங்குகின்றன. பணம் வாங்கவில்லை. என் மனைவி வீட்டுக் கொல்லையிலும் ஒரு ராத்திரி கிடை கேட்டாள், போட்டுக் கொடுத்தார்கள். இந்த வருடக் கத்தரிச் செடியைப் பார்த்தால் யார் யாருக்குக் கடன்பட்டது என்று தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பெரியவர் மானாமதுரைப் பக்கத்திலிருந்து அழைத்தார். அவரும் 20 வாட்டில் சின்னப் பேனல் ஒன்று வாங்கிவிட்டாராம், சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறதாம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று கேட்டார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன். வேலாமரத்தடியில், குஞ்சுக்குட்டி அடைக்கிற கூடாரத்துக்கு மேல் என்றார். மரத்தை விட்டு வெளியே எடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அணைந்துவிட்டது.

மறுநாள் பதினொன்றரைக்கு அழைத்தார்.