டர்போ வாங்குமுன் பில்டரை வெட்டுங்கள்

ஒயில் இறங்கிப்போன வாகனம் ஒன்று கராஜுக்கு வந்தால், கூட வந்தவர்கள் எல்லோரும் டர்போவைத்தான் கைகாட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கீச்சிட்டுக் கத்துவது டர்போ, நீலப்புகை தள்ள வைப்பது டர்போ, இழுவை குறைவதும் டர்போவால்தான். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறிதான் டர்போ. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுற்றும் ஒரு தண்டு, வெண்கலப் புஷ்ஷுக்குள் மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. அதன் ஒரு முனையில் 600, 700 பாகை சூட்டில் புகை அடிக்கிறது. ஒயில் வராமல் நின்றால் முதலில் அடிபடுவது அதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடிபட்டது அது மட்டும்தானா என்று பார்க்காமல் கொழும்புக்குப் போன் எடுத்து டர்போவை வரவழைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. புது டர்போ பூட்டி, சில கிழமைகளில் அதுவும் போய், எஞ்சினும் இறுகித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்த்து விலை சொல்வது மிகவும் கஷ்டமான வேலை.

மாங்குளத்தில் கராஜ் வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் போகும் ஏ9 ஒழுங்கான வீதி. அதிலிருந்து உள்ளே இறங்கிய பிறகுதான் பிரச்சினை. மார்கழி மழைக்குக் கிரவல் கரைந்து போக, அடியில் கிடக்கும் கல் தலைநீட்டும். சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சட்டி, தாழ்வாக உள்ள வான்களுக்கு அது போதும். போன மாரியில் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு தம்பியின் டீசல் வானை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கல் அடித்துச் சம்ப் வெடித்திருந்தது. லீசிங்கில் எடுத்த வான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள். அது ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். வழியில் யாரோ வெடிப்பில் பசை பூசி, ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, புகையைக் கண்டதும் "டர்போ முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் விலையும் கேட்டு வைத்திருந்தான்.

"அண்ணை, வாங்கித் தாறன், பூட்டித் தந்தால் போதும்."

"பொறு தம்பி. சிவப்பு லைட் எரிஞ்ச பிறகு எவ்வளவு தூரம் ஓடினனி?"

"சந்தி மட்டும் வந்திடலாம் எண்டு நினைச்சன் அண்ணை."

இந்த லைட்டைப் பற்றி எல்லா ஓட்டுநருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒயில் குறைந்தவுடன் எரிவதல்ல அது. ஒயிலின் அழுத்தம் அற்றுப்போனால் எரிவது. பெரும்பாலான வாகனங்களில் அழுத்தம் சுமார் 0.3 முதல் 0.5 பார் வரை விழுந்த பிறகுதான் அந்தச் சுவிட்ச் வேலை செய்யும். ஓட்டத்தில் எஞ்சினுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். 1000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார், என்பது பழைய கணக்கு, இன்றும் பெரிதாகப் பிழைக்காது. ஆகவே லைட் எரிகிறது என்றால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். காடாக இருந்தாலும் சரி, யானை வரும் வழியாக இருந்தாலும் சரி.

நான் கேட்பது இன்னும் சில உண்டு. ஆட்கள் நிறைய ஏற்றியிருந்ததா? எஞ்சின் தானாக நின்றதா, சாவியால் நிறுத்தினார்களா? பிறகு எத்தனை முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள்? தானாக நின்ற எஞ்சின் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை அப்போதே போய்விடும். இந்தத் தம்பி சாவியால் நிறுத்தியிருந்தான். அது நல்ல செய்தி.

வந்த வண்டியை நான் ஸ்டார்ட் செய்வதில்லை. "ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன், சத்தம் கேட்கலாம்" என்று கேட்பார்கள். கேட்டு என்ன செய்வது? தண்டுகளைத் தாங்கும் பெயரிங் உரசியிருந்தால் அந்த ஒரு நிமிடத்தில் எஞ்சினின் பெரிய தண்டான கிராங்கும் சேர்ந்து போகும். கிராங்க் முன் போல்ட்டில் சொக்கட் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பேன். கொம்பிரஷன் வரும் இடத்தில் இறுகி, பிறகு விடுவது இயல்பு. எங்காவது கரகரவென்று பிடித்தால் அது வேறு கதை. இந்த வானில் ஒரே சீராகச் சுற்றியது.

அடுத்தது ஒயில் பில்டர். செலவே இல்லாத, ஆனால் யாரும் செய்யாத வேலை இதுதான். ஹக்சோவால் அறுக்கக் கூடாது. அறுக்கும் இரும்புத்தூள் உள்ளே விழுந்து நம்மையே ஏமாற்றும். விளிம்பைச் சுற்றி உருளும் கட்டரால் தகரத்தைத் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் கடதாசியைப் பிளேடால் வெட்டி எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி வைஸில் வைத்து நெரிக்க வேண்டும். ஒயில் வடிந்ததும் வெயிலில் விரித்துப் பார்க்க வேண்டும். மடிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். முதல் சில மடிப்புகளில் கரி மட்டும். நடுப்பகுதியைத் திறந்ததும் வெயிலில் பொடிப்பொடியாக மினுங்கியது. தம்பி குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் போட்டு மேலே தடவினேன். சில கருந்துகள்கள் ஒட்டின, மிகக் கொஞ்சம். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: பிஸ்டன் ரிங், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு, கிராங்க் என்று போகும். ஒட்டாத சாம்பல் நிறம் பிஸ்டனாக இருக்கலாம், பெயரிங்கின் மேல் பூச்சாகவும் இருக்கலாம். இங்கே ஒட்டாமல் மிஞ்சியது செம்பு நிறம்.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். செம்பு நிறம் பெயரிங்கின் உட்படையிலிருந்தும் வரும், டர்போவின் வெண்கலப் புஷ்ஷிலிருந்தும் வரும். டர்போவிலிருந்து வடியும் ஒயில் சம்புக்குப் போய், அங்கிருந்து பம்ப் இழுத்து, பில்டருக்குத்தான் வருகிறது. ஆகவே அந்தத் தூளை மட்டும் வைத்து எது போனது என்று சொல்லவே முடியாது. இரண்டையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

டர்போவுக்கு வந்தேன். காற்று வரும் ஹோஸைக் கழற்றி, தண்டின் முனையை விரலால் பிடித்து அசைக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். ஒயில் இல்லாமல் நிற்கும்போது அது இயல்பு, அதைக் கண்டு பயந்து நல்ல டர்போவைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது. பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துச் சுற்றினாலும் விசிறியின் இதழ் சுவரில் தொடக் கூடாது. தம்பியின் டர்போவில் இரண்டும் பிழை. சுவரில் பிறை வடிவில் பளபளவென்று ஒரு தேய்ப்பு. கழற்றிப் பிரித்தபோது தண்டில் புஷ் இருக்கும் இடம் நீலம் பாய்ந்திருந்தது. உருக்கு 300 பாகை அளவுக்குச் சூடேறினால் வரும் நிறம் அது. டர்போ போனது உண்மைதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹோஸில் ஒயில் இருப்பதை மட்டும் வைத்து டர்போவைக் குற்றம் சொல்லக் கூடாது. டர்போவின் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சின்ன இரும்பு வளையம். ஒயில் வடியும் குழாய் அடைபட்டாலோ, எஞ்சினின் பிஸ்டன் ரிங் தேய்ந்து சம்புக்குள் காற்றழுத்தம் கூடினாலோ, நல்ல டர்போகூட ஒயிலைத் தள்ளும். ஓடுகிற வண்டி என்றால் ஒயில் மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால் தெரியும். மெல்லிய ஆவி பரவாயில்லை, புகை குபுகுபுவென்று தள்ளினால் கோளாறு ரிங்கில்.

சம்பை எப்படியும் கழற்றத்தான் வேண்டும், வெடித்துக் கிடக்கிறதே. கழற்றியதும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ராட்டுகளின் கப்களைக் கழற்றிப் பார்க்க அதிக நேரம் பிடிக்காது. பக்கத்தில் உள்ள ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடக் கூடாது. நாலையும் கழற்றினேன். மூன்றில் பெயரிங் ஒரே சீரான சாம்பல் நிறம். நாலாவதில் மேல்பூச்சு வழிந்து, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குச் செம்பு தெரிந்தது. அதற்கு நேரே கிராங்கில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். நகம் எங்கும் மாட்டவில்லை. மைக்ரோமீட்டர் வைத்துப் பல இடத்தில் அளந்தேன், வட்டம் கெடவில்லை. நகம் மாட்டியிருந்தால் கிராங்கை இறக்கி, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ லேத் பட்டறைக்கு அனுப்பி, 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கடைந்து, அதற்கேற்ற பெயரிங் போட வேண்டும். செலவு வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

அந்தப் பெயரிங்கைத் தம்பியின் கையில் கொடுத்தேன். டர்போவை மட்டும் மாற்றியிருந்தால் இது கொஞ்ச நாள் ஓடி, ஒரு நாள் ஏ9இல் ஆட்களோடு போகும்போது சுழன்றிருக்கும். கொன்ராட் முறிந்தால் எஞ்சின் புளொக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். தேய்ந்த பெயரிங்கின் தூளும் குறைந்த அழுத்தமும் புது டர்போவையும் தின்றிருக்கும்.

மேலே கேம் கவரையும் திறந்தேன். பம்பிலிருந்து ஒயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது, அதனால் ஒயில் இல்லாத கதை அங்கே எழுதப்பட்டிருக்கும். அலுமினிய ஹெட்டில் கேம் உட்காரும் இடம் கீறினால் மாற்று வழி குறைவு. இதில் சுத்தமாக இருந்தது.

சத்தத்தை வைத்து எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. 1990களில் போரால் வடக்குக்குப் பொருட்தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய நாட்களில், இங்கே தொழில் செய்த பெரியவர்கள் காதாலேயே எஞ்சினைப் படித்தவர்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது தட்டும் சத்தம் குறைகிறதோ, அந்தக் கொன்ராட். பழைய பம்ப் எஞ்சின்களுக்கு இன்றும் நல்ல முறைதான். ஆனால் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் கொமன் ரெயில் எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. 1000 பாருக்கு மேல் உள்ள அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே இழக்க நேரிடும். இன்ஜெக்டரின் வயர் சொக்கட்டைக் கழற்றியோ ஸ்கேனர் வைத்தோதான் பார்க்க வேண்டும். பழகும் பொடியன்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

டர்போ சீல் போன டீசல் எஞ்சின் இன்னொரு விதத்திலும் ஆபத்து. தன் ஒயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைக் கழற்றினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். காற்று வழியைப் பலகையால் அடைத்தால் நிற்கும், கையால் அடைக்கவே கூடாது. மனுவல் கியர் என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு மேல் கியரில் போட்டுக் கிளட்சை விடலாம். இந்த வானை வழியில் ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது அது நடக்காதது பெரிய புண்ணியம்.

சரி, என்ன செய்தோம்? கொன்ராட் பெயரிங் முழு செட்டும் புதிது. மெயின் பெயரிங்கும் திறந்து பார்த்தோம், நல்லாயிருந்தது. ஒயில் இழுக்கும் வலையைக் கழற்றிக் கழுவினோம். பசைத் துண்டுகள் அதில் ஒட்டிக் கிடந்தன, அதுவே இன்னொரு முறை ஒயிலை நிறுத்தியிருக்கும். டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஒயிலையும் அலுமினியத் துகளையும் கழுவி எடுத்தோம். டர்போவுக்கு நடுப்பகுதி மட்டும் புதிதாக வரவழைத்தோம், முழு டர்போ தேவைப்படவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வான்களின் விலை ஏறிய ஏற்றத்தில், ஒரு நல்ல எஞ்சினைக் காப்பாற்றுவது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான்.

பூட்டும்போது டர்போவுக்கு ஒயில் போகும் பைப்பைக் கழற்றி ஊதி, உள்ளே கரி இல்லை என்று உறுதி செய்தேன். டர்போவின் ஒயில் துளைக்குள் கையால் ஒயில் ஊற்றித் தண்டைச் சுற்றிவிட்டு, இன்ஜெக்டர் சொக்கட்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பற்றவிடாமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். ஒயில் சுவிட்ச் இருந்த இடத்தில் முள் கேஜ் பூட்டியிருந்தேன். முள் எழும்பிய பிறகே சொக்கட்டுகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். குளிரில் நல்ல அழுத்தம் எந்த எஞ்சினும் காட்டும். உண்மை தெரிவது சூடேறிய பிறகு. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிட்டு, ரேடியேட்டர் பேன் சுற்றத் தொடங்கிய பிறகும் ஐட்லிங்கில் முள் ஒரு பாருக்கு மேலேயே நின்றது.

500 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றத் தம்பியை வரச் சொன்னேன். வந்தான். அந்தப் பில்டரையும் வெட்டினோம், இம்முறை கட்டரை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டான். கரி மட்டும்தான் இருந்தது. அன்றைக்கே சம்புக்குக் கீழே 3 மில்லிமீற்றர் இரும்புத் தகடு ஒன்றும் போட்டுவிட்டோம். ஒயில் வடிக்கும் நட்டுக்கு நேரே ஒரு துளை, காற்றுப் போக இரண்டு நீள வெட்டு, நாலு போல்ட்டில் கழற்றலாம்.