ஏரிக்கரைக் குதிரையை நம்பி மலை ஏறாதீர்கள்

கடலூர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. இன்னும் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். தொடை வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த எண்ணூறு ரூபாயை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கொடைக்கானல் ஏரிக்கரை. "முழுச் சுற்று ஆயிரத்து இருநூறு" என்றார் குதிரை வைத்திருந்தவர். ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். பேரம் பேசி எண்ணூறுக்கு இறக்கியதில் எனக்குப் பெரிய வெற்றிக் களிப்பு. அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் கல்யாண ஊர்வல மாப்பிள்ளை போல மேலே உட்கார்ந்திருக்க, பின்னால் கார்கள் ஹாரன் அடிக்க, ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, குதிரை தானாகவே திரும்பி நின்றது. "எங்கே திரும்ப வேண்டும் என்று அதற்கே தெரியும், சார்." அங்கே போய் இங்கே வந்தால் அதுதான் முழுச் சுற்றாம். என் மைத்துனன் ஏறவே இல்லை. படம் எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் அந்தப் பணத்துக்கு வஞ்சிரம் வாங்கி வீட்டோடு சாப்பிட்டிருக்கலாம்.

மலையில் குதிரைச் சவாரியை எப்படித் திட்டமிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முயல்கிறேன்.

ஆசை வந்தது பழைய கதையைப் படித்து. 1875இல் ரயில் வந்த பிறகும் கொடைக்கானலுக்கு வண்டிப் பாதை கிடையாது. இன்றைய கொடை ரோடு நிலையமான அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோ மலையேறியிருக்கிறார்கள். நாமும் ஒரு நாளாவது சேணத்தில் உட்கார்ந்து மலையைப் பார்ப்போமே என்று தோன்றியது.

எங்கள் ஊர் சில்வர் பீச்சில் குழந்தைகளை ஏற்றும் குதிரையில் ஏறிப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றான் மைத்துனன். போதாது. ஆரோவில் பக்கம் செம்மண் தடத்தில் நான்கு ஞாயிறு பயிற்சி எடுத்தேன். இடப்பக்கமிருந்து ஏறுவது, கால் நுழைக்கும் அங்கவடியில் குதிகாலைத் தாழ்த்தி வைப்பது, கடிவாளத்தை இழுத்துத் தொங்காமல் இருப்பது, எல்லாம் அங்கே கற்றதுதான். கொடுத்த கட்டணத்தை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

போன வழி: கடலூரிலிருந்து விருத்தாசலம் வரை பஸ், பிறகு இரவு ரயில். அந்தத் தனியார் பஸ்ஸில் என் இருக்கையின் முதுகு குறிஞ்சிப்பாடியில் சாய்ந்தது, நெய்வேலி தாண்டியும் நிமிரவில்லை. பாட்டுச் சத்தமோ சேத்தியாத்தோப்பு வரை கேட்டிருக்கும். விடியுமுன் கொடை ரோடு, வத்தலக்குண்டு வழியாக அரசுப் பஸ்ஸில் மேலே. சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏரிக்கரைக் கூத்துக்கு மறுநாள்தான் உண்மையான சவாரி. பூம்பாறை மலைக்கிராமத்துப் பக்கம் குதிரை வளர்க்கும் பெரியவர் ஒருவரைத் தெரிந்தவர் மூலம் பிடித்திருந்தோம். அவர் முதலில் கேட்டது முன்பணத்தை அல்ல, எடையை. எனக்கு எழுபது, மைத்துனனுக்குத் தொண்ணூற்றைந்து. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, ஏற்றக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் பலரின் கணக்கு. "தம்பி நடந்து வரட்டும்" என்று முடித்துவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு எவ்வளவும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு நாள் முழுவதற்கும் இரண்டாயிரத்து ஐந்நூறு என்றதும் நினைப்பை மாற்றிக்கொண்டு பேரம் பேசினேன். ஐம்பது ரூபாய்கூடக் குறையவில்லை.

புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, வயிற்றுப்பட்டையை இரண்டு துளை இறுக்கினார். சேணம் கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். நடக்கத் தொடங்கியதும் பட்டை தளர்ந்து, ஏறியவன் சேணத்தோடு பக்கவாட்டில் சரிவான். சோலைக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால் பூண்டு வயல் வரப்புகளையும் பழைய வண்டித்தடங்களையும் ஒட்டியே போனோம். ஏற்றத்தில் முன்னால் குனிந்து பிடரியைப் பிடித்துக்கொள்வது எளிது. இறக்கம்தான் உயிரை வாங்கியது. படிப்படியான வயல்கள் கீழே கிடக்க, லாடம் கல்லில் வழுக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கடிவாளத்தை இழுத்தேன். "விட்டுவிடுங்கள், அதற்குத் தலையை ஆட்ட இடம் வேண்டும்" என்றார் பெரியவர். விட்டேன். அது தலையைத் தாழ்த்தி, மோந்து பார்த்து, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கியது. நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு நாளுக்கு அதற்கு மேல் திட்டமிடாதீர்கள்.

மதியம் அவர் வீட்டில் சோறு. மீன் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் அந்த மலைப்பூண்டுக் குழம்பு! 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு; உரித்த முழுப் பல்லாகவே கிடந்தது, வாயில் வைத்ததும் வெண்ணெயாகக் கரைந்தது. மூன்று முறை சோறு வாங்கினேன். மைத்துனன் எண்ணிச் சொன்னது நான்கு.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவி கிராமத்துக்குக் குதிரைகள்தாம் வெகுகாலமாகச் சரக்குச் சுமந்தன என்று அவர் சொன்னதைக் கேட்டு, அடுத்த முறை அந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆம், நடக்க. பன்னிரண்டு கிலோமீட்டரும் நடந்து வந்த மைத்துனனுக்கு ஒரு வலியும் இல்லை.

வீட்டில் இரண்டு நாளாகக் கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல். உடம்பு வலிக்கு நல்லது என்கிறாள் மனைவி. ஆரோவில் கட்டணத்தை அவளுடைய தம்பி சொல்லியிருப்பானோ என்று சந்தேகமாக இருக்கிறது.