பொதி இறக்கிய பிறகு

பழனி மலையில் கால்நடை மருத்துவராக இருந்த ஆண்டுகளில், என்னிடம் வந்தவற்றில் பாதி மட்டக்குதிரைகள். வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அப்போது வாகனச் சாலை கிடையாது. அரிசியும் சிமென்ட்டும் குதிரை முதுகில்தான் போகும். காப்பிக்கொட்டை அதே முதுகில் திரும்பும். மருந்துப் பெட்டியோடு நானும் அந்தப் பாதையில் நடப்பேன்.

முதுகுப் புண், லாடம் கழன்ற கால், வயிற்றுவலி. குதிரை என்றால் எனக்கு இவைதான். காது பின்னால் மடிந்தால், நாசி இறுகினால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் என்ன பொருள் என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மகிழ்ச்சியின் அடையாளங்களை யாரும் கற்றுத்தரவில்லை. மனித உணர்வை விலங்கின் மேல் ஏற்றாதே என்பது கல்லூரியில் கேட்ட எச்சரிக்கை. நல்ல எச்சரிக்கைதான். ஆனால் குதிரைக்கு வலிக்கிறது என்று எழுத எங்களில் எவரும் தயங்கியதில்லை. மகிழ்கிறது என்று எழுதத்தான் கை கூசியது.

ஒரு மாலை, புண் ஆறிவிட்டதா என்று பார்க்க ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொதியை இறக்கி, சேணத்தையும் அடியிலிருந்த சாக்கையும் எடுத்ததும் அந்தச் செவலைக் குதிரை உடம்பை ஓர் உதறு உதறியது. முன்கால்களை மடித்துப் புழுதியில் சாய்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரண்டது. எழுந்து நின்று 'புர்ர்' என்று நீளமாக மூச்சு விட்டது. பெரியவர் பிடரிமயிர் முடிகிற மேட்டில் நகங்களால் பரட் பரட் என்று சொறிந்தார். அதன் மேலுதடு நீண்டு துடித்தது. கண் பாதி மூடியது.

"இதற்கு இது போதும் ஐயா. கொள்ளு வைத்தால்கூட இப்படி நிற்காது" என்றார்.

சொறிவதை நிறுத்தச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து ஒரு நிமிடம் இதயத்துடிப்பை எண்ணினேன்: 46. சொறியச் சொல்லி எண்ணினேன்: 40. அடுத்து தோள்பட்டையின் கீழே சொறியச் சொன்னேன்: 45. பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிரான்சின் காமார்க் குதிரைகளிடம் இதையே முறையாகச் சோதித்து 1993இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் அதே மேட்டில் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது. வேறிடத்தில் சொறிந்தால் குறைவதில்லை. 1990களின் இறுதியில் நரம்பியல் ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் எலிகளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியபோது, அவை ஏறத்தாழ 50 கிலோஹெர்ட்ஸ் அளவில், சிரிப்பைப் போன்றது என்று அவர் கருதிய ஒலியை எழுப்பின. நம் காதுக்கு எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அதுவரை எத்தனை கூண்டுகளில் அந்த ஒலி எழுந்து யார் காதிலும் விழாமல் போனதோ என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

மனிதரைப் போலவேவா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பெரியவர் தை மாதம் மகளுக்குத் திருமணம் என்று ஆவணியிலிருந்தே மலர்ந்திருந்தார். பேரன் பிறந்த பிறகும் பந்தியில் பாயசம் தீர்ந்துபோன கதையைச் சொல்லிச் சிரித்தார். முன்னும் பின்னும் இப்படி நீள்கிற மகிழ்ச்சி குதிரைக்கு உண்டா என்பது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்காது. ஆனால் சேணம் இறங்கிய நேரத்தில் அதன் உடம்புக்குள் நடந்ததும், நாளெல்லாம் மலையேறி வந்து வெந்நீரில் கால் வைக்கும்போது என் உடம்புக்குள் நடப்பதும் நெருங்கிய உறவுகள். அதில் எனக்கு ஐயமில்லை.

பதிவேட்டில் நோய், சிகிச்சை, மருந்து என்றுதான் கட்டங்கள். அன்று "புண் ஆறியது" என்று மட்டும் எழுதினேன். ஆனால் அதற்குப் பிறகு வந்த குதிரைக்காரர்களிடம் மருந்தோடு இதையும் சொல்லத் தொடங்கினேன்: பொதி இறக்கியதும் கட்டிப்போடாதீர்கள், புரள இடம் விடுங்கள், மேட்டில் கொஞ்ச நேரம் சொறிந்துவிடுங்கள்.

ஓர் இளைஞர் குறித்துக்கொள்ளும் முகத்தோடு, "எத்தனை வேளை சார்?" என்று கேட்டார்.

"பொதி இறக்கும்போதெல்லாம் தம்பி" என்றேன்.