சொடக்கு பால்

கிரிக்கெட் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘சொடக்கு பால்’. நடுவிரலை மடக்கி, அதற்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பந்தை இறுக்கி, கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதுபோல் விட்டால், உள்ளே திரும்பும் ஆஃப் ஸ்பின்னை எதிர்பார்த்து நிற்கும் வலக்கை ஆட்டக்காரரை ஏமாற்றி, பந்து எதிர்த்திசையில் வெளியே திரும்பும். 2008 ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் இலங்கையின் அஜந்த மெண்டிஸ் 13 ரன்கள் மட்டும் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்தி இந்தியாவைச் சுருட்டியபோது, இந்தப் பந்துக்கு ‘கேரம் பால்’ என்ற பெயர் எல்லோர் வாயிலும் புழங்கியது. ஆனால் சென்னையில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்களுக்கு அந்த வித்தை புதிதன்று. அஸ்வினே அதைத் தெரு ஆட்டக்காரர் ஒருவரிடம்தான் கற்றார்.

எங்கள் தெருவில், மேல்மயிர் தேய்ந்து வழவழப்பான பழைய பந்தைத்தான் இதற்கென்று எடுத்து வைப்போம். விரலுக்குள் அது அடங்கி நிற்கும், மாலைக்குள் நடுவிரல் நகக்கண் சிவந்துவிடும்.

பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் பந்துக்கு அமைந்த ‘தூஸ்ரா’, ‘மற்றொன்று’ என்று பொருள்படும் உருதுச் சொல். அதை யாரும் மொழிபெயர்க்காமல் உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. விரலின் ஓசையையே பெயராகக் கொண்ட நம் சொல்லையும் தமிழ் வர்ணனையாளர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.