டொச் வழியாக ஆங்கிலம்: வேலையிடத்து மரபுத்தொடர்களை நான் படித்த விதம்

டொச்சில் (ஜேர்மன் மொழியில்) படித்து டொச்சிலேயே வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கில இலக்கணம் பெரிய தலையிடி இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள், பல சொற்களை ஊகித்தே பிடித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது மரபுத்தொடர்கள்தான். அவற்றிலும், டொச்சில் ஏற்கெனவே கேட்டது மாதிரி இருப்பவைதான் ஆபத்து. ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் அவுஸ்பில்டுங் (தொழிற்பயிற்சி) செய்துகொண்டே, பயிலுநர்களுக்கான கேஎம்கே ஆங்கிலச் சான்றிதழுக்குப் படித்தபோது, என் நேரத்தில் பெரும் பகுதியை இவற்றுக்கே கொடுத்தேன்.

முதலில் எதைப் படிக்கத் தேவையில்லை என்று கழித்துவிடுங்கள். ஐஸை உடைப்பது, ஆணியின் தலையில் சரியாக அடிப்பது, பச்சை விளக்குக் காட்டுவது, சாக்கிலிருந்து பூனையை வெளியே விடுவது எல்லாம் இரு மொழியிலும் ஒரே பொருள்தான். இவற்றைக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்வது வீண் வேலை.

அடுத்தது, பொருள் ஒன்றாக இருந்து உருவம் மட்டும் மாறுபவை. நாங்கள் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்துகிறோம். ஆங்கிலேயர் அதே கல்லால் இரண்டு பறவையையும், டொச்சுக்காரர் ஒரே அடியில் இரண்டு ஈயையும் கொல்கிறார்கள். சோதனைக்குப் போகிறவரை வாழ்த்த டொச்சில் பெருவிரலை அமுக்குவார்கள், ஆங்கிலத்தில் விரல்களைப் பின்னுவார்கள். மாறிச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநில முதல்வராக இருந்த குந்தர் ஓட்டிங்கர் 2009 டிசம்பரில் பேர்லினில் ஆற்றிய ஆங்கில உரை அடுத்த மாதம் வீடியோவாகப் பரவி நாடே சிரித்தது. நாம் எல்லோரும் 'ஒரு படகில்' இருக்கிறோம் என்றார். ஆங்கிலத்தில் அது 'அதே படகு'. உச்சரிப்புக்கும் சேர்த்துத்தான் சிரித்தார்கள், ஆனாலும் சொல்ல வந்தது எல்லோருக்கும் விளங்கியது. அவர் ஐரோப்பிய ஆணையராகவும் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே பயத்தை வேறு இடத்துக்குச் சேமித்து வையுங்கள். 'நிஷ்ட் மைன் பியர்', அதாவது 'என் பியர் இல்லை' என்று டொச்சில் சொன்னால், அது என் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். 'நொட் மை கப் ஒவ் ரீ', அதாவது 'என் கோப்பைத் தேநீர் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கு அது பிடிக்காது என்று அர்த்தம். ஒன்றை மற்றதென்று நினைத்துச் சொன்னால், 'இது வேறு பிரிவின் வேலை' என்று சொல்ல வந்தவர் 'எனக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லை' என்று மனேஜரிடம் சொன்னதாக ஆகிவிடும். 'இவென்சுவலி' இன்னொன்று. டொச் காதுக்கு அது 'ஒருவேளை', ஆங்கிலத்திலோ 'கடைசியில் எப்படியும்'. விநியோகத் திகதி பேசும்போது இது பகிடி இல்லை.

எல்லாவற்றையும் விட நேரம்தான் மோசம். பிரிட்டன்காரர் தொலைபேசியில் 'ஹாஃப் த்ரீ' என்றால் மூன்றரை மணி. டொச்சின் 'ஹல்ப் டிரை' (சொல்லுக்குச் சொல் 'அரை மூன்று') என்று பழகிய காதுக்கு அது இரண்டரை. இதற்கு மேல் ஜேர்மனி ஒரு மணி நேரம் முன்னால் வேறு நிற்கிறது. சொன்னதை 15:30, லண்டன் நேரம் என்று உடனே ஈமெயிலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வதுதான் வழி.

டொச்சில் சோடியே இல்லாதவற்றுக்கு அவை எந்த மைதானத்திலிருந்து வந்தன என்று பார்ப்பது எனக்குப் பெரிய உதவி. அமெரிக்கர்களின் 'ரச் பேஸ்' (சும்மா ஒருமுறை தொடர்புகொள்வது), 'போல்பார்க் பிகர்' (குத்துமதிப்பான தொகை), 'கேர்வ்போல்' (எதிர்பாராத சிக்கல்) மூன்றும் பேஸ்போலில் பிறந்தவை. பிரிட்டன்காரர்களின் 'ஸ்ரிக்கி விக்கெட்' (இக்கட்டான நிலைமை) கிரிக்கெட்டில் பிறந்தது. என் டொச் வகுப்புத் தோழர்களுக்கு இரண்டு விளையாட்டுமே தெரியாது. கிரிக்கெட்டில் மட்டும் எங்களுக்கு ஒரு கை மேலே. அங்கேயும் கவனம் வேண்டும்: 'நொக்ட் ஃபோர் சிக்ஸ்' என்பவர் சந்தோஷத்தில் இல்லை, ஆறு ஓட்டம் வாங்கிய பந்துவீச்சாளரின் நிலைமையில் இருக்கிறார்.

ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. ஒரு விஷயத்தை 'ரேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டு இராணுவ அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடியதைச் சேர்ச்சில் பதிவு செய்திருக்கிறார்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். பட்டியலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். உங்கள் அலுவலக ஈமெயிலிலும் மீற்றிங்கிலும் வந்ததை மட்டும், அது வந்த முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். யார் யாருக்குச் சொன்னது என்பதையும் குறித்துவையுங்கள், ஏனென்றால் மனேஜர் சொல்லலாம், பயிலுநர் சொல்ல முடியாது என்ற தொடர்களும் உண்டு. பிறகு லிங்குயி என்ற இணைய அகராதியில் தேடினால் அதே தொடரை டொச்சில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று உண்மையான ஆவணங்களிலிருந்தே காட்டும். லியோ அகராதியின் கேள்வி-பதில் பகுதியும் நல்லது.

நீங்களாகப் பயன்படுத்துவதில் அவசரம் வேண்டாம். போலந்து, இத்தாலி, நெதர்லாந்து ஆட்களோடு கதைக்கும்போது மரபுத்தொடரே இல்லாத ஆங்கிலம்தான் வேலைக்கு ஆகும். விளங்காதபோது, 'அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்குள் விலை வேண்டும், சரியா?' என்று விளங்கிய அளவைத் திருப்பிச் சொல்லுங்கள். அந்தத் தொடரின் அர்த்தம் என்ன என்று நேரே கேட்பதைவிட இது சுருக்கு வழி.

கேஎம்கே சோதனை 1998 இல் மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்தது. பெருவ்ஷூலேயில் (தொழிற்பள்ளியில்) படிக்கிறவர்கள் விரும்பினால் எழுதலாம். எழுத்திலும் வாய்மொழியிலும் தனித்தனியாகப் பாதிப் புள்ளி வேண்டும். மரபுத்தொடர் குறுக்கே நிற்பது மெடியாட்சியோன் என்ற பகுதியில். டொச் ஈமெயில் ஒன்றைக் கொடுத்து, அதில் தேவையானதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். அதில் 'ஷ்னே ஃபொன் கெஸ்டேர்ன்' என்று வந்தால் நேற்றைய பனியை ஆங்கிலத்தில் தேடி அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்காதீர்கள். 'அது இப்போது பொருந்தாது' என்று வெறும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அங்கே மொழிபெயர்ப்பைக் கேட்கவில்லை, தகவலைத்தான் கேட்கிறார்கள். பழைய வினாத்தாள்களை உங்கள் ஆங்கில ஆசிரியரிடமே கேட்டு வாங்குங்கள், உங்கள் தொழிற்பிரிவுக்கு உரியதா என்று பார்த்து. வணிகப் பிரிவுக்கும் தொழில்நுட்பப் பிரிவுக்கும் தாள்கள் வேறு.